பூச்சி படிக்கப் போன பெண்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கம். நாலு பக்கமும் மகளைப் பற்றித்தான். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மார்க். ஆனால் பி.காம். வேண்டாம், நர்ஸிங் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், 'பூச்சியைப் பற்றித்தான் படிப்பேன்' என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம்.

சின்ன வயசிலிருந்தே இப்படித்தானாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் சிலந்தி வளர்க்கிறாள். ஒட்டடை அடிக்க விடுவதில்லை. 'சிலந்தி பூச்சியே இல்லை, பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு' என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறாள். கரப்பானைக் கண்டால் நாமெல்லாம் செருப்பைத் தேடுவோம். இந்தப் பெண் இரண்டு விரலால் மீசையைப் பிடித்துத் தூக்கி, 'அம்மா, முட்டைப் பையோட இருக்கு பாருங்க' என்று சமையலறைக்கே கொண்டு வருகிறாளாம்! படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் கடிதம் எழுதியவர் சிரிக்கவில்லை. மாமனார் கோபத்தில் இருக்கிறார். 'பூச்சி படிச்சவளை எவன் கட்டிக்குவான்?' என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாராம். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. விண்ணப்பம் போடக் கடைசித் தேதி நெருங்குகிறது. 'நீங்கள் விலங்கியல் படித்தவர் என்று ஒரு முறை எழுதியிருந்தீர்கள். பூச்சி படித்து ஒரு பெண் முன்னுக்கு வர முடியுமா? ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்' என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடிதம் வந்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கரையானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு மர அலமாரி இருக்கிறது. என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. சுவரை ஒட்டிப் போட்டு வைத்திருந்தோம். அதற்குப் பின்னால் குளியலறைக் குழாய் போகிறது. குழாயில் லேசான கசிவு. சுவர் ஈரமாக இருக்கிறதே என்று இரண்டு மாதமாக நினைத்ததுதான், பிளம்பரைக் கூப்பிடவில்லை. அன்றைக்குப் பேரனின் பழைய பொம்மையைத் தேடி அடித்தட்டைத் திறந்தால், மண் வாசனை! துணி விரிப்பைத் தூக்கினேன். அலமாரிப் பலகையில் மருதாணிக் கோலம் போட்ட மாதிரி மண்கோடுகள். அவற்றின் நடுவில் என் ரெக்கார்டு நோட்டு.

ரெக்கார்டு நோட்டு என்றால் விலங்கியல் படித்தவர்களுக்குப் புரியும். 1978-ம் வருஷம் பி.எஸ்ஸி. முடித்தபோது நான் வரைந்தது. பென்சிலைக் கூர்மையாகச் சீவி, புள்ளி புள்ளியாக நிழல் கொடுத்து, வெட்டுக்கிளியின் வாய்ப் பாகம், வண்டின் கால், கரப்பானின் நரம்பு என்று பக்கம் பக்கமாக வரைந்தது. அட்டையைத் தொட்டேன். உள்ளே பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் ஒரு பத்துப் பன்னிரண்டு பக்கம்தான் மிஞ்சியிருக்கிறது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் வந்து எட்டிப் பார்த்தார். "இத்தனை வருஷமா நீ அதைத் திறந்து படிச்சியா? கரையானாவது படிக்கட்டுமே!" என்றார். கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

கடைசி வருஷம் எங்கள் வகுப்பைப் பூச்சி சேகரிக்க மலைப் பக்கம் ஒரு வாரம் அழைத்துப் போனார்கள். வகுப்பை என்றால், ஆண் பிள்ளைகளை மட்டும். "பொம்பளைப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் ராத்திரி தங்க வச்சா யார் பொறுப்பு?" என்றார் பேராசிரியர். கெட்டவர் இல்லை, நன்றாகப் பாடம் நடத்துவார். அவர்கள் திரும்பி வந்து, ஊசி குத்தி பெட்டியில் அடுக்கிய பூச்சிகளை எங்கள் முன்னால் வைத்தார்கள். நாங்கள் அவற்றைப் பார்த்து வரைந்தோம். எங்கள் படங்கள்தான் அழகாக இருந்தன. ரெக்கார்டுக்கு எங்களுக்குத்தான் அதிக மார்க். உயிரோடு ஓடுகிற பூச்சியை அதன் இடத்தில் போய்ப் பார்த்தது ஆண் பிள்ளைகள்தான். மேலே படிக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்கத் தைரியம் வருவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

சரி, என் கதை போதும். நோட்டைத் தின்றது யார், எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வோமே என்று கரையானைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித் தேடப் போய்த்தான் மார்கரெட் காலின்ஸ் கிடைத்தார். அமெரிக்காவில் 'கரையான் அம்மா' என்றே அவரைச் சொல்வார்களாம். ஈரோட்டுச் சகோதரியின் கேள்விக்கு என்னைவிட அந்த அம்மாளின் வாழ்க்கை நன்றாகப் பதில் சொல்லும்.

மார்கரெட் 1922-ம் வருஷம் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இன்ஸ்டிடியூட் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம் என்று இருந்த காலம். அப்பா விவசாயக் கல்வி ஆசிரியர். அம்மாவுக்குப் புதைபொருள் ஆராய்ச்சி படிக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை இருந்ததாம்; நிறைவேறவில்லை. ஐந்து குழந்தைகளைப் பெற்று வளர்த்தார். ஆனால் வீட்டில் புத்தகம் இருந்தது. நாலாவது குழந்தையான மார்கரெட் காட்டுப் பக்கம் போய் எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்தால் திட்டுவதில்லை. ஆறு வயசிலேயே பெண் அதிபுத்திசாலி என்று தெரிந்து, ஊரிலிருந்த கல்லூரி நூலகத்திலேயே புத்தகம் எடுக்க அனுமதி கொடுத்தார்கள். பதினாலு வயசில் பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரிக்கு வந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரியவர்களின் வாழ்க்கையை எழுதுகிறபோது சறுக்கலை விட்டுவிட்டு ஏறினதை மட்டும் எழுதுவது வழக்கம். பதினாலு வயசில் கல்லூரிக்குப் போன இந்த மேதைப் பெண்ணுக்கு அங்கே உயிரியல் பாடம் சலித்துப் போயிற்று. மார்க் குறைந்து உதவித்தொகையும் போயிற்று! பிறகு ஒரு நல்ல பேராசிரியர் வந்து மறுபடியும் ஆர்வத்தை ஏற்றிவிட்டார். 1943-ல் பட்டம் வாங்கினார். பட்டத்துக்கு முன்பே, 1942-ல், கல்யாணமும் ஆகிவிட்டது.

பிறகு சிகாகோ பல்கலைக்கழகம். அங்கே ஆல்ஃபிரட் எமர்சன் என்கிற பெரிய பேராசிரியர். கரையான் என்றால் அவர்தான். உலகத்திலேயே பெரிய கரையான் சேகரிப்பு அவரிடம் இருந்தது. மார்கரெட்டின் மூளையைப் பார்த்து மாணவியாகச் சேர்த்துக்கொண்டார், ஆராய்ச்சிக்கு உதவினார், எல்லாம் செய்தார். ஒன்றே ஒன்று மட்டும் செய்யவில்லை. கரையான் பிடிக்கக் காட்டுக்குப் போகும்போது இவரை அழைத்துப் போகவில்லை. பெண்களைக் களத்துக்கு அழைத்துப் போனால் தொல்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

இதைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எங்கோ சிகாகோவில், நான் பிறப்பதற்கு முன்னாலேயே, அதே பேச்சு!

மார்கரெட் என்ன செய்தார்? காடு கிடைக்கவில்லை என்றால் சோதனைச்சாலை இருக்கிறதே என்று, அங்கே செய்யக்கூடிய ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டார். கரையான் வகைகள் வறட்சியை எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நம் வீட்டு அலமாரிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

கரையானுக்கு உடம்பு மெத்தென்று இருக்கும். எறும்புக்கு இருக்கிற மாதிரி கெட்டித் தோல் கிடையாது. வெளியில் வெயிலும் காற்றும் பட்டால், மொட்டை மாடியில் பிழிந்த வடாம் மாதிரி காய்ந்துபோகும். அதனால்தான் அது பெரும்பாலும் திறந்த வெளியில் நடப்பதில்லை. மண்ணையும் எச்சிலையும் குழைத்து ஒரு குழாய் கட்டிக்கொண்டு, அதற்குள் ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டே வருகிறது. சுவரில் நாம் பார்க்கிற மண்கோடு அதுதான். வெளிச்சத்துக்குப் பயந்து கட்டுகிறது என்று என் பாட்டி சொல்வாள். எறும்பிடமிருந்து தப்பிக்கவும்தான். ஆனால் முக்கியமான பயம் காய்ந்துபோகிற பயம்.

எல்லாக் கரையானும் ஒரே மாதிரி இல்லை. காற்றில் ஈரமே இல்லாதபடி செய்த கலத்தில் வைத்து, எந்த வகை எத்தனை நேரம் உயிரோடிருக்கிறது, எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இழக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் மார்கரெட்டின் வேலை. அரிசியளவு பூச்சியை நிறுக்க வேண்டும், குறிக்க வேண்டும், மறுபடி நிறுக்க வேண்டும். எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பாருங்கள்! மண்ணோடு சேர்ந்து வாழ்கிற வகை சீக்கிரம் செத்துப்போகும். காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழ்கிற வகை நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அது தன் கழிவிலிருந்தே தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் சில வீடுகளில் கட்டிலுக்கோ ஜன்னல் சட்டத்துக்கோ அடியில் கசகசாவைக் கொட்டின மாதிரி காய்ந்த மணிகள் கிடக்கும். மண்கோடே இருக்காது. நாம் பெருக்கித் தள்ளிவிட்டு மறந்துவிடுவோம்.

1950-ல் மார்கரெட்டுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. பூச்சியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். அதற்குள் முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்திருந்தது. 1951-ல் ஹெர்பர்ட் காலின்ஸ் என்பவரை மணந்தார். இரண்டு ஆண் குழந்தைகள். வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அங்கே பெண்களுக்குச் சரியான இடம் இல்லை என்று பட்டதால், தெற்கே ஃப்ளோரிடாவில் கறுப்பின மாணவர்களுக்கான ஃப்ளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உயிரியல் துறைத் தலைவராகவும் ஆனார்.

தலைவர் என்றால் நாற்காலி சுகம் என்று நினைக்காதீர்கள். பாடம் நடத்துவது, பரீட்சைத் தாள் திருத்துவது, நிர்வாகம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு பல வருஷம் அவருடைய ஆராய்ச்சி நின்றே போயிற்று. 1950-களின் பிற்பகுதியில்தான் ஃப்ளோரிடாக் கரையான்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். இந்த இடைவெளியைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கென்னவோ இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் படிக்கிற இளம் தாய்மார்களுக்குத் தெரியும், அந்த வருஷங்கள் எப்படி ஓடும் என்று.

அந்த ஊர் டலஹாஸியில் பஸ்ஸில்கூட வெள்ளையருக்கு முன்பகுதி, கறுப்பருக்குப் பின்பகுதி. 1956-ம் வருஷம் மே மாதம் இவருடைய பல்கலைக்கழக மாணவிகள் இருவர் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். கைதானார்கள். உடனே கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? கார் வைத்திருந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் மார்கரெட்டும் ஒருவர். கரையான் ஆராய்கிற டாக்டர் அம்மாள், காலையில் வேலைக்காரப் பெண்களை எஜமானிகள் வீட்டுக்குக் காரில் கொண்டு விட்டார்! போலீஸும் எஃப்.பி.ஐ. ஆட்களும் காரைப் பின்தொடர்ந்தார்கள்.

அந்த வருஷங்களில் இன்னொன்றும் நடந்தது. மனித இனங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டா என்று உயிரியல் என்ன சொல்கிறது, இதைப் பற்றிப் பேச ஒரு பல்கலைக்கழகம் அவரை அழைத்திருந்தது. குண்டு வைப்போம் என்று மிரட்டல் வந்தது. கூட்டம் ரத்து. அவர் அந்தப் பேச்சை மறக்கவில்லை. 1981-ல் இரண்டு பேருடன் சேர்ந்து 'அறிவியலும் மனித சமத்துவம் என்ற கேள்வியும்' என்று ஒரு புத்தகமே தொகுத்து வெளியிட்டார்.

1963-ல் இரண்டாவது திருமணமும் விவாகரத்தில் முடிந்தது. ஈரோட்டுப் பெரியவர் இதைப் பிடித்துக்கொள்வார், தெரியும். 'பாத்தியா, பூச்சி படிச்சா இப்படித்தான்' என்பார். ஐயா, பூச்சியே படிக்காத எத்தனை பேர் வீட்டில் பிரிவு வந்திருக்கிறது! இரண்டு பேருக்கு ஒத்துப்போகாததற்குக் கரையான் என்ன செய்யும்? மறைத்துவிட்டு எழுதியிருக்கலாம். உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டதால் சொல்கிறேன்.

1964-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். இப்போதுதான் களம் உண்மையில் திறந்தது. 'பெண்ணை அழைத்துப் போனால் தொல்லை' என்று விடப்பட்டவர் மெக்சிகோ, பனாமா, கொலம்பியா, ஜமைக்கா என்று கரையான் தேடிப் போனார். 1969-ல் கரையான் உயிரியலைப் பற்றி ஒரு பெரிய நூல் வந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் குமார் கிருஷ்ணா, நம் டேராடூனில் பிறந்தவர். இன்னொருவர் ஃபிரான்சஸ் வீஸ்னர் என்கிற பெண்மணி. அதில் கரையானும் தண்ணீரும் என்ற அத்தியாயத்தை எழுதியது யார்? மார்கரெட்தான். சிகாகோவில் காட்டுக்குப் போகக் கூடாது என்றதால் எடுத்துக்கொண்ட அதே விஷயம்.

1979-ல், ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயசில், தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டில் வேலை. அங்கே மூக்கு நீண்ட சிப்பாய்க் கரையான்கள் உண்டு. எதிரி வந்தால் தலையிலிருந்து பசை மாதிரி ஒரு திரவத்தைப் பீச்சும். எறும்பு அதில் ஒட்டிக்கொண்டு தவிக்கும். இந்தப் பசையின் ரசாயனத்தை வைத்து எது எந்த வகை என்று பிரிக்கும் வேலையில் ஒரு ரசாயன விஞ்ஞானியோடு சேர்ந்து ஈடுபட்டார்.

1983-ல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு. ஆனால் வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சியாளராகத் தொடர்ந்தார். அதே வருஷம் வாஷிங்டன் பூச்சியியல் சங்கத்துக்கும் தலைவர். 1989-ல் டேவிட் நிக்கிள் என்பவருடன் சேர்ந்து, ஃப்ளோரிடாவில் அதுவரை பெயரிடப்படாத ஒரு கரையான் வகையை உலகுக்கு அறிமுகம் செய்தார். ஈர மரத்தில் வாழ்கிற வகை. எந்த ஊரில் குண்டு மிரட்டலும் போலீஸ் காரும் வந்ததோ அந்த மாநிலத்துக் கரையான்!

1996-ம் வருஷம் ஏப்ரல் மாதம் கரீபியன் கடலில் கேமன் தீவுகளில் களவேலையில் இருந்தபோது காலமானார். வயசு எழுபத்து மூன்று. அவர் சேகரித்த கரையான்கள் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்போது ஈரோட்டுச் சகோதரிக்கு.

முன்னுக்கு வர முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் சீக்கிரம் முடியாது. பூச்சி படிப்பில் பட்டம் வாங்கிய மறு மாதமே கை நிறையச் சம்பளம் வராது. மேலே மேலே படிக்க வேண்டும். பி.எஸ்ஸி. விலங்கியல் ஒரு வழி. பி.எஸ்ஸி. விவசாயம் படித்து, பிறகு பூச்சியியலில் எம்.எஸ்ஸி. என்பது இன்னொரு வழி. விவசாயத்துக்கு மார்க் போட்டி அதிகம்; உங்கள் மகளின் மார்க்குக்கு முயற்சி செய்து பார்க்கலாம். பயிருக்கு வருகிற பூச்சி, நோய் பரப்புகிற கொசு, கிடங்கில் தானியத்தை அரிக்கிற வண்டு, தேனீ, பட்டுப்புழு, இத்தனைக்கும் ஆள் வேண்டும். ஈரோட்டிலிருந்து கோவை எத்தனை தூரம்? அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் பூச்சிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். உங்கள் மாமனாரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய்வாருங்கள். பெரியவர் விவசாயி என்று எழுதியிருக்கிறீர்கள். பருத்திக் காய்ப்புழுவோடு சண்டை போட்டவருக்குப் பூச்சி படிப்பு எதற்கு என்று நாம் சொல்லித் தரவேண்டுமா என்ன?

இன்னொன்று. களத்துக்குப் போக வேண்டியிருக்கும், ராத்திரி தங்க வேண்டியிருக்கும். எல்லாப் பெண்ணும் மார்கரெட் மாதிரி, விடாவிட்டால் போகட்டும் என்று சோதனைச்சாலையில் உட்கார்ந்து வேறு வழி கண்டுபிடிக்க மாட்டாள். நான் கண்டுபிடிக்கவில்லை. அதனால் அந்த ஒரு விஷயத்தில் நீங்கள்தான் கூட நிற்க வேண்டும். எங்கே போகிறாள், யார் கூடப் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாராளமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மற்ற வாசகிகள், 'கரையான் கதை சொன்னீர்களே, போக்க வழி சொல்லவில்லையே' என்று கோபித்துக்கொள்வீர்கள். இதோ. முதலில் தண்ணீர்க் கசிவை அடையுங்கள். அதற்கு ஈரம் கிடைக்கக் கூடாது. மர சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். புத்தகம், அட்டைப் பெட்டி, பழைய துணி எதையும் தரையோடு வைக்காதீர்கள். மண்கோட்டைத் தட்டிவிட்டுப் போய்விட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கூடு மண்ணுக்குள் இருக்கிறது, வேறு பக்கம் கட்டிக்கொண்டு வரும். நன்றாகப் பரவியிருந்தால் பழக்கமுள்ள ஆளை வைத்து மருந்து அடியுங்கள். அன்றைக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மருந்தை நீங்களே கலந்து, கூல்டிரிங்க் பாட்டிலில் மீதம் வைப்பது மட்டும் கூடவே கூடாது.

அதற்காகத் தோட்டத்து மூலையிலிருக்கிற புற்றையும் இடித்துத் தள்ள வேண்டாம். உலகத்தில் கரையான் சுமார் 3000 வகை. அதில் வீட்டுக்குத் தொல்லை தருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் மண்ணோடு மண்ணாக்குகிற வேலையைச் செய்கின்றன. நம் ஊர்ப் புற்றில் சில வகைகள் உள்ளே காளான் தோட்டம் போட்டு வளர்க்கின்றன. மழைக்குப் பிறகு புற்றுக் காளான் பறித்துக் குழம்பு வைத்திருப்பீர்களே, அது கரையான் வளர்த்ததுதான்! விளக்கைச் சுற்றி வருகிற ஈசலும் சிறகு முளைத்த கரையான்தான்.

கடிதத்தில் போன் நம்பர் இருந்தது. பத்தி அச்சுக்குப் போவதற்குள் பேசிவிடலாம் என்று போன் செய்தேன். அந்தப் பெண்ணே எடுத்தாள். அம்மா கடைக்குப் போயிருக்கிறாராம். நான் யார் என்று சொல்லி, என் அலமாரிக் கதையையும் சொன்னேன். நோட்டு போய்விட்டதே என்று வருத்தப்படுவாள் என்று பார்த்தால்,

"அந்த மண்குழாய் இன்னும் இருக்குதுங்களா? உடைச்சுட்டீங்களா?" என்றாள்.

"பாதி உடைச்சாச்சு. மீதி இருக்கு. ஏன் கண்ணு?"

"உள்ளே சிப்பாய்க் கரையான் இருக்கும் பாருங்க. தலை பெருசா, கொஞ்சம் செம்பழுப்பா இருக்கும். அதை வச்சுத்தான் என்ன வகைன்னு கண்டுபிடிக்க முடியும். ஒரு நாலஞ்சு பிடிச்சு ஸ்பிரிட்ல போட்டு வைக்கிறீங்களா? நான் கோயமுத்தூர்ல யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "தாத்தா பக்கத்துல இருக்காருங்க, அப்புறமா பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மருந்து அடிக்கிறவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். பேரனின் படம் வரைகிற தூரிகையையும், ஒரு சின்ன மூடி பாட்டிலையும் எடுத்து வைத்திருக்கிறேன். பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன். கண் சரியாகத் தெரியவில்லை, பேரன்தான் லென்ஸ் பிடிக்க வேண்டும்.